வணக்கம் வைக்கிற ஊர் யார் பக்கம்? கிளர்ச்சி எதிர்ப்பில் மக்கள் ஆதரவை அளப்பது எப்படி

புதுச்சேரியில் 'சொல்தா' என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பாவுக்கு அப்படி ஒரு சிநேகிதர் இருந்தார். நான் கல்லூரியில் படித்த காலத்தில் கடலூரிலிருந்து அப்பாவோடு பஸ் ஏறிப் போனால், சாயங்காலம் கடற்கரைச் சாலையில் அவரோடு உட்கார்ந்து கதை கேட்பது வழக்கம். இந்தோசீனச் சண்டை முடிகிற நேரத்தில் படையில் சேர்ந்து, பிறகு பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்த அல்ஜீரியாவில் மலையடிவார ஊர் ஒன்றில் இருந்தவர் அவர்.

"காலையில ரோந்து போனா ஊரே எழுந்து வணக்கம் வைக்கும் தம்பி. பிள்ளைங்க மிட்டாய் கேட்டு ஓடி வரும். எங்க கேப்டன் அதை அப்படியே எழுதி மேலே அனுப்புவார், இந்த ஊர் நம்ம பக்கம்னு. ராத்திரி அதே ஊர்ல இருந்துதான் எங்க மேல சுடுவாங்க" என்பார்.

நாட்டில் எங்கே ஆயுதக் குழு இருந்தாலும், அங்கே படை போனாலும், ஒரு மாதத்துக்குள் 'மக்கள் அரசின் பக்கம் திரும்பிவிட்டார்கள்' என்று ஒரு செய்தி வரும். மறுநாளே 'மக்கள் எங்கள் பக்கம்தான்' என்று எதிர்த்தரப்பும் சொல்லும். டீக்கடையில் நாமும் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டு பேசுவோம். இதை எதை வைத்துச் சொல்கிறார்கள், அளக்க முடியுமா, அளந்தவர்கள் எங்கே ஏமாந்தார்கள் என்பதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். எந்தக் கிளர்ச்சி நியாயமானது என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அது வேறு கட்டுரை.

முதலில் சொற்கள்

கிளர்ச்சி என்று இங்கே சொல்வது, ஆட்சியைப் பிடிக்கவோ தனியாகப் பிரியவோ ஒரு குழு ஆயுதம் ஏந்தி, மக்களுக்கு நடுவே இருந்துகொண்டே நீண்ட காலம் நடத்தும் போராட்டம். அதை அடக்க அரசு எடுக்கும் எல்லாம் சேர்ந்தது கிளர்ச்சி எதிர்ப்பு: படை, போலீஸ், பணம், சாலை, பள்ளிக்கூடம், பேச்சுவார்த்தை எல்லாமே இதில் அடங்கும்.

சாதாரணச் சண்டையில் எதிரி எங்கே என்று தெரியும். இங்கே தெரியாது. சீருடை கிடையாது. கிளர்ச்சிக்காரருக்குச் சோறு வேண்டும், ஒளிய இடம் வேண்டும், படை எந்த வழியாக வருகிறது என்ற தகவல் வேண்டும். மூன்றையும் ஊர்தான் கொடுக்க முடியும். படைக்கும் அதே ஊரிடமிருந்துதான் தகவல் வர வேண்டும். ஆகவே சண்டையின் பரிசு நிலம் இல்லை, ஊர்.

1956 முதல் 1958 வரை அல்ஜீரியாவின் கபிலி மலைப்பகுதியில் கேப்டனாக இருந்த டேவிட் கலூலா என்ற பிரெஞ்சு அதிகாரி இதை எளிமையாகச் சொன்னார். எந்த ஊரிலும் அரசுக்காகத் துணிந்து நிற்பவர் கொஞ்சம் பேர், கிளர்ச்சிக்காகத் துணிந்து நிற்பவர் கொஞ்சம் பேர், நடுவில் இருக்கும் பெரும்பான்மை எந்தப் பக்கமும் கைநீட்டாமல் பிழைப்பைப் பார்ப்பவர்கள். போட்டி அந்த நடுக் கூட்டத்துக்குத்தான். நம் தெருவிலும் அப்படித்தானே? இரண்டு கட்சிக் கொடி பறக்கும், மீதி வீடுகள் யார் வந்து கேட்டாலும் 'உங்களுக்குத்தான்' என்று சொல்லும்.

கூட்டம் ஓட்டாகுமா

தேர்தல் நேரத்தில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொதுக்கூட்டம் நடக்கும். வேன் வைத்து ஆள் கொண்டுவருவார்கள், பொட்டலம் கொடுப்பார்கள். மேடையிலிருந்து பார்த்தால் மனிதத் தலை கடல். ஓட்டு எண்ணும்போது அந்தக் கடலைக் காணோம். கட்சிக்காரர்களுக்கு இது தெரியும். அதனால் விவரம் தெரிந்த வட்டச் செயலாளர் கூட்டத்தை எண்ண மாட்டார். பூத்தில் உட்கார ஆள் தானாக வந்தானா, கூலி கேட்டானா என்று பார்ப்பார்.

கிளர்ச்சி எதிர்ப்பில் நடக்கும் முதல் தவறு இந்தக் கூட்டத்தை எண்ணுவதுதான். எத்தனை கிலோமீட்டர் சாலை, எத்தனை மருத்துவ முகாம், எத்தனை பேருக்குப் போர்வை என்று அறிக்கை போகும். இதற்குப் பெயர் உள்ளீடு, அதாவது நாம் கொட்டியது. அதனால் ஊரில் என்ன மாறியது என்பது விளைவு. உள்ளீட்டை எண்ணுவது சுலபம், பில் இருக்கும். விளைவுக்குப் பில் கிடையாது. அதனால் அறிக்கைகளில் முக்கால்வாசி உள்ளீடுதான் இருக்கும். போர்வை வாங்கியவர் போர்வையை வாங்கினார். அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

2010 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் மர்ஜா பகுதியைத் தாலிபானிடமிருந்து பெரிய படையெடுப்பில் பிடித்தபோது, அமெரிக்கத் தளபதி மெக்கிரிஸ்டல், பெட்டிக்குள் ஓர் அரசாங்கமே தயாராக இருக்கிறது, கொண்டுபோய் இறக்க வேண்டியதுதான் என்ற பொருளில் பேசினார். உள்ளீட்டு மனசு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சில மாதங்களில் அவரே மர்ஜாவை 'ரத்தம் கசியும் புண்' என்று சொல்லும்படி ஆனது.

ஆல்பேட்டையில் பிடிபட்ட பாட்டில்கள்

கடலூர்க்காரர்களுக்கு அடுத்த விஷயத்தை விளக்கவே வேண்டாம். புதுச்சேரியில் சரக்கு விலை குறைவு. அந்தப் பக்கம் முள்ளோடை, இந்தப் பக்கம் ஆல்பேட்டை சோதனைச்சாவடி. 'இந்த மாதம் இவ்வளவு பாட்டில் பறிமுதல்' என்று செய்தி வரும். போன மாதத்தைவிட இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். கடத்தல் கூடிவிட்டதா, போலீஸ் நன்றாக வேலை செய்கிறதா? இரண்டுமே இருக்கலாம். எண் ஒன்றுதான், அர்த்தம் இரண்டு. பாதியாகக் குறைந்தாலும் அதே குழப்பம். கடத்தல் நின்றிருக்கலாம், இல்லை ஆற்றோரமாக வேறு வழி கண்டுபிடித்திருக்கலாம்.

வியட்நாமில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்துச் சண்டையிட்ட அமெரிக்கர்கள் எண்ணிய எதிரிப் பிணங்களின் கணக்கு இந்த வகை. எண்ணிக்கை கூடக் கூட வெற்றி என்றார்கள். எதிரி அவ்வளவு ஆளை இழந்தும் புதிதாகச் சேர்த்துக்கொண்டே இருந்தான் என்றால் ஊர் யார் பக்கம் என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. செத்தவர் எல்லாரும் எதிரிதானா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

இதைவிட நுட்பமாக ஏமாற்றுவது அமைதி. தாக்குதல் குறைந்தது, ஆகவே ஊர் நம் பக்கம் வந்துவிட்டது என்று தோன்றும். உள்நாட்டுப் போர்களை ஆராய்ந்த ஸ்டாதிஸ் கலிவாஸ் என்ற அரசியல் அறிஞர் இதைக் கிரேக்க உள்நாட்டுப் போரை வைத்து விளக்கினார். ஓர் ஊர் முழுக்க அரசின் பிடியில் இருந்தால் அங்கே கொலை குறைவு. முழுக்கக் கிளர்ச்சிக்காரர் பிடியில் இருந்தாலும் குறைவு, ஏனென்றால் எதிர்க்க ஆளே இல்லை. ஒரு பக்கத்தின் கை ஓங்கியிருந்தும் பிடி முழுதாக இறுகாத இடங்களில்தான் கொலை அதிகம் விழுகிறது. ஒரு தெருவிலிருந்து திருட்டுப் புகாரே வரவில்லை என்றால் திருடன் இல்லை என்றும் சொல்லலாம், ஸ்டேஷனுக்குப் போவதையே ஜனம் விட்டுவிட்டது என்றும் சொல்லலாம்.

கலிவாஸ் சொன்ன இன்னொன்று பலருக்கும் கசப்பாக இருக்கும். மனசு மாறி ஊர் ஒரு பக்கம் சாய்வது ஒரு பங்கு என்றால், யார் கை ஓங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் சாய்ந்து, பிறகு மனசை அதற்கேற்பச் சமாதானப்படுத்திக்கொள்வது பல பங்கு.

இதுவரை பார்த்ததை ஒரு மூச்சில் சொன்னால்: நாம் கொட்டியதை எண்ணினால் நம்மைப் பற்றித்தான் தெரியும், ஊரைப் பற்றித் தெரியாது. வன்முறை எண்ணிக்கையை மட்டும் தனியாக எடுத்தால் அது இரண்டு பக்கமும் பேசும்.

ஏ முதல் இ வரை: வியட்நாம் மதிப்பெண் பட்டியல்

இந்தக் குழப்பம் அமெரிக்கர்களுக்குத் தெரியாமல் இல்லை. 1967-இல் தென்வியட்நாம் முழுவதும் குக்கிராம மதிப்பீட்டு முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 12,000-க்கும் மேற்பட்ட குக்கிராமங்கள். ஒவ்வொன்றுக்கும் 18 அளவுகோல்கள்: இரவில் பாதுகாப்பு உண்டா, ஊர்த்தலைவர் ஊரிலேயே தூங்குகிறாரா, பள்ளி நடக்கிறதா என்கிற மாதிரி. மாதா மாதம் மாவட்டத்தில் இருக்கும் அமெரிக்க ஆலோசகர் படிவத்தை நிரப்புவார். ஏ என்றால் பாதுகாப்பான ஊர், அப்படியே இறங்கி இ வரை. முழுக்க எதிரி கையில் இருந்தால் வி. எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறி, வரைபடமாக சைகோனுக்கும் வாஷிங்டனுக்கும் போகும்.

யோசனை மோசமில்லை. ஊர்த்தலைவர் எங்கே தூங்குகிறார் என்று கேட்டவர் புத்திசாலி. கோளாறு நிரப்புகிற இடத்தில் இருந்தது. ஓர் ஆலோசகர் பொறுப்பில் பல டஜன் ஊர்கள். மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் சொல்வதுதான் வேதம். ஆலோசகரின் பணிக்காலம் ஏறக்குறைய ஒரு வருடம். வரும்போது சி-யாக இருந்த ஊர் போகும்போதும் சி-யாகவே இருந்தால், மேலே இருப்பவர் 'ஒரு வருஷமாக என்ன செய்தாய்?' என்று கேட்பார். அதனால் ஊர் ஏறுகிறதோ இல்லையோ, மதிப்பெண் ஏறியது. மாணவனின் மார்க்கை வைத்து வாத்தியாருக்குச் சம்பள உயர்வு என்றால் பேப்பர் எப்படித் திருத்தப்படும் என்று நமக்குத் தெரியாதா?

1967 முடிவில், மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் ஓரளவு பாதுகாப்பான ஊர்களில் இருக்கிறார்கள் என்று பட்டியல் சொன்னது. 1968 ஜனவரி கடைசியில் டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டு சமயம், நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் நகரங்கள் மீது கம்யூனிஸ்ட்டுகள் ஒரே மூச்சில் தாக்குதல் நடத்தினார்கள். அவ்வளவு ஆயுதமும் ஆளும் 'பாதுகாப்பான' ஊர்கள் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் பார்த்திருப்பார்கள். படைக்குத் தகவல் போதுமான அளவு வரவில்லை. ஊர் எதிரியை நேசித்தது என்று இதற்கு அர்த்தமில்லை. சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று பலர் நினைத்திருந்தாலே போதும். பட்டியல் பிடிக்காமல் விட்டது அந்த மௌனத்தைத்தான்.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். 1962-இல் அதிபர் ஙோ டின் சியம் அரசு, ஊர்களை வேலிக்குள் கொண்டுவரும் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. அதை மேற்பார்வையிட்ட முக்கிய அதிகாரிகளில் ஒருவரான பாம் ஙொக் தாவ், உண்மையில் கம்யூனிஸ்ட்டுகளின் ரகசிய ஆள். எத்தனை வேலி போட்டாயிற்று என்ற கணக்கு மட்டும் வேகவேகமாக ஏறியது.

மலேயா: நம் ஆட்கள் பார்த்த 'வெற்றி'

'மக்களின் இதயத்தையும் மனதையும் வெல்வது' என்ற சொல்லைப் பிரபலமாக்கியவர் 1952-இல் மலேயாவுக்கு ஹை கமிஷனராக வந்த ஜெனரல் டெம்ப்ளர். மலேயா அவசரகாலம் என்பது, இன்றைய மலேசியாவின் ஒரு பகுதியான மலேயாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கம்யூனிஸ்ட்டுகள் நடத்திய கிளர்ச்சிக் காலம், 1948 முதல் 1960 வரை. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி ரப்பர் தோட்டத்துக்குப் போன குடும்பங்கள் இந்தக் கடற்கரை மாவட்டங்களில் நிறைய. அந்த வீடுகளில் இந்தக் காலத்தை இன்றும் 'கம்பிவேலிக் காலம்' என்ற மாதிரித்தான் பேசுவார்கள், இதயம் மனசு என்றெல்லாம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

காரணம் இருக்கிறது. 1950-இல் ஆரம்பித்த பிரிக்ஸ் திட்டத்தில், காட்டோரம் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களையும் ஒன்றாகக் கூட்டி வேலிக்குள் கொண்டுவந்தார்கள். அரிசிக்குக் கட்டுப்பாடு. சில இடங்களில் அரிசியாகவே கொடுக்காமல், பொதுச் சமையலறையில் வேகவைத்த சோறாகத்தான் கொடுத்தார்கள். அரிசியை மடியில் கட்டிக் காட்டுக்குள் கடத்தலாம், சோறு மறுநாள் ஊசிப்போகும்.

கூடவே வேறு பக்கமும் இருந்தது. புதுக்கிராமங்களில் தண்ணீர், பள்ளி, வீட்டு மனைக்குப் பட்டா. கொரியப் போரால் ரப்பர் விலை ஏறி வேலை கிடைத்தது. சுதந்திரம் தருவதாக வாக்கு, 1957-இல் கொடுக்கவும் செய்தார்கள். வெற்றிக்கு எது காரணம், பட்டாவா வேலியா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என் கணிப்பு, வேலி முதலில் வந்தது, பட்டா அதை நிலைக்க வைத்தது. 'இதயத்தை வென்றார்கள்' என்ற சொல் முதல் பாதியை மறைத்துவிடுகிறது.

அளப்பதைப் பற்றிய நம் கேள்விக்கு, தஞ்சோங் மாலிம் என்ற சிற்றூரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1952 மார்ச்சில் அதன் அருகே கிளர்ச்சிக்காரர்கள் பதுங்கித் தாக்கியதில் 12 பேர் இறந்தார்கள். ஊரார் யாரும் வாய் திறக்கவில்லை. டெம்ப்ளர் நேரில் போய் ஊரையே திட்டி, ஒரு நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு போட்டு, அரிசி ரேஷனையும் வெட்டினார். பிரிட்டனிலேயே இதற்குக் கண்டனம் எழுந்தது, எழ வேண்டியதுதான். அப்புறம் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். பெயர் எழுத வேண்டாம். தெரிந்ததை எழுதலாம், வெறுமனேயும் கொடுக்கலாம். ஆனால் எல்லா வீடும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பூட்டிய பெட்டியில் சேகரித்து, கோலாலம்பூரில் டெம்ப்ளர் முன்னால்தான் திறந்தார்கள். அதன்பிறகு சில கைதுகள் நடந்தன.

ஊரடங்கை விட்டுவிடுங்கள், பெட்டியைக் கவனியுங்கள். எல்லா வீடும் காகிதம் போடுவதால், யார் சொன்னது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சொன்னவனுக்கு ஆபத்து இல்லை என்றால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

வேலி போடும் யோசனை நம் நாட்டுக்கும் வந்தது. மிசோரம் மலைகளில் 1967 முதல் கிராமங்களைக் கூட்டிச் சாலையோரம் குடியமர்த்தினார்கள். சண்டை ஓய்ந்தது அதனால் அல்ல. 1986-இல் ஒப்பந்தம் போட்டு, கிளர்ச்சித் தலைவர் லால்டெங்காவே முதலமைச்சரான பிறகுதான்.

பயமும் சம்மதமும் ஒரே முகம்

சரி, நேரடியாகக் கேட்டுவிட்டால் என்ன? கருத்துக்கணிப்பு எடுக்கலாமே? எடுக்கிறார்கள். ஆனால் வாசலில் வந்து நிற்பவர் யார் என்று தெரியாத ஊரில் 'நீங்கள் யாரை ஆதரிக்கிறீர்கள்?' என்று கேட்டால் வருவது பதில் இல்லை, தற்காப்பு.

நம்மூரிலேயே 'ஓட்டுக்குப் பணம் வாங்கினீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். 'ச்சே, நாங்களா?' இதற்கு ஆய்வாளர்கள் ஒரு சாமர்த்தியமான வழி வைத்திருக்கிறார்கள், பட்டியல் சோதனை என்று சொல்லலாம். பாதி வீடுகளுக்கு மூன்று வரி உள்ள அட்டையைக் காட்டுவார்கள்: வேட்பாளர் வீட்டுக்கு வந்தார், நோட்டீஸ் கிடைத்தது, கூட்டத்துக்குப் போனோம். 'இதில் எத்தனை நடந்தது? எண்ணை மட்டும் சொல்லுங்கள், எது என்று சொல்ல வேண்டாம்.' மீதிப் பாதிக்கு அதே மூன்றோடு நான்காவதாக 'பணம் வாங்கினோம்' என்ற வரி. முதல் பாதியின் சராசரி 1.4, இரண்டாம் பாதியின் சராசரி 1.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.5. அப்படியானால் ஏறக்குறைய பாதி வீடுகள் வாங்கியிருக்கின்றன. எந்த வீடு என்று கேட்டவருக்கே தெரியாது. அதே பூட்டிய பெட்டி, கணக்கு வடிவத்தில்.

நிகராகுவாவில் 2008 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் இப்படிக் கேட்டார்கள். நேரடியாகக் கேட்டபோது வாங்கியதாகச் சொன்னவர்கள் 2 சதவீதம் போல. பட்டியல் வழியாக 24 சதவீதம். இது வெறும் வெட்கத்தால் வந்த இடைவெளி. உயிர்ப்பயம் சேர்ந்தால் எவ்வளவு இருக்கும்!

ஆப்கானிஸ்தானில் ஜேசன் லயல், கிரேம் பிளேர், கோசுகே இமாய் என்ற மூவர் 2011-இல் இப்படி மறைமுகமாகக் கேட்டார்கள். பஷ்தூன்கள் அதிகம் வாழும் ஐந்து மாகாணங்களில் 204 கிராமங்கள், 2,754 ஆண்கள். ஒரு சீர்திருத்தத் திட்டத்தைப் பற்றிச் சிலரிடம் சும்மா கருத்துக் கேட்பது, சிலரிடம் அதே திட்டத்தை 'வெளிநாட்டுப் படை ஆதரிக்கிறது' என்றும், வேறு சிலரிடம் 'தாலிபான் ஆதரிக்கிறது' என்றும் சேர்த்துச் சொல்லிக் கேட்பது. பதிலில் வரும் ஏற்ற இறக்கம்தான் ஆதரவின் அளவு. தெரிந்தது இது: வெளிநாட்டுப் படையால் பாதிக்கப்பட்டவர்களிடம் அந்தப் படைக்கு ஆதரவு குறைந்தது, தாலிபானுக்குக் கூடியது. தாலிபானால் பாதிக்கப்பட்டவர்களிடம் வெளிநாட்டுப் படைக்கு ஆதரவு கூடவில்லை.

நியாயப்படி இரண்டு அடியும் ஒன்றுதான். ஆனால் பங்காளி அடித்தால் அது வீட்டுச் சண்டை, அடுத்த ஊர்க்காரன் அடித்தால் ஊர்ச் சண்டை. வெளியிலிருந்து வந்த படை இந்தத் தராசில்தான் நிற்கிறது. 'நாங்கள் அவர்களைவிடக் குறைவாகத்தான் தப்பு செய்கிறோம்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சுருக்கமாக: வணக்கம், சிரிப்பு, நேரடிக் கேள்விக்குப் பதில், இந்த மூன்றும் பயத்திலும் வரும், சம்மதத்திலும் வரும். பிரித்துக் காட்டாத எதுவும் நல்ல அளவுகோல் இல்லை.

கையிலிருந்து போட்டுச் செய்வது

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஒருவர் யாரும் கட்டாயப்படுத்தாமல், தனக்கு நஷ்டமோ ஆபத்தோ வரக்கூடும் என்று தெரிந்தே செய்யும் காரியங்களை.

அதில் முதன்மையானது தகவல். சாலையில் புதைத்த குண்டுகளில் எத்தனை ஊரார் சொல்லி எடுக்கப்பட்டன, எத்தனை வெடித்துத் தெரிய வந்தன? மொத்தக் குண்டுகளை எண்ணுவதைவிட இந்த விகிதம் அதிகம் பேசும். ஆனாலும் இதில் மொட்டைக் கடுதாசிப் பிரச்சினை இருக்கிறது. வரப்புத் தகராறில் பங்காளியைப் போட்டுக்கொடுக்க 'அவன் வீட்டில் தீவிரவாதி தங்குகிறான்' என்று எழுதுகிறவன் எல்லா நாட்டிலும் உண்டு. அதனால் தகவல் எத்தனை வந்தது என்பதோடு, எத்தனை உண்மையாக இருந்தது என்றும் பார்க்க வேண்டும். பொய்த் தகவலை நம்பி ஒரு வீட்டுக் கதவை உடைத்தால், அந்தத் தெருவிலிருந்து அப்புறம் உண்மைத் தகவல் வராது.

அடுத்தது வழக்கு. ஒரு நிலத் தகராறு என்றால் ஜனம் எங்கே போகிறது? இங்கே மீனவ கிராமங்களில் வலைத் தகராறு, படகுத் தகராறு எல்லாம் முதலில் ஊர்ப் பஞ்சாயத்துக்குத்தான் போகும், ஸ்டேஷன் பிறகுதான். அந்த ஊரில் யார் வார்த்தை செல்லும் என்பதை அதிலேயே தெரிந்துகொள்ளலாம். ஆப்கானிஸ்தானில் அரசு நீதிமன்றத்தில் லஞ்சமும் இழுத்தடிப்பும் என்று சலித்து, தாலிபானைப் பிடிக்காதவர்கள்கூடத் தாலிபான் நீதிபதியிடம் போனார்கள். கருத்துக்கணிப்பில் அவர்கள் என்ன சொல்லியிருந்தாலும், பத்திரத்தை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் நடந்தார்கள் என்பது பதில்.

புகார் கொடுப்பதும் நல்ல அறிகுறிதான் என்றால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு நிற்கும் வரிசையைப் பாருங்கள். திட்டிக்கொண்டேதான் நிற்பார்கள். ஆனாலும் கொடுத்தால் ஏதாவது நடக்கும் என்று நம்புகிறவன்தான் பஸ் செலவு பண்ணி வருவான். படை செய்த அக்கிரமத்தைப் படை அதிகாரியிடமே வந்து ஒருவர் முறையிடுகிறார் என்றால் அந்த ஊரில் இன்னும் நம்பிக்கை கொஞ்சம் மிச்சமிருக்கிறது. முறையீடே வரவில்லை என்றால் கொண்டாட வேண்டாம்.

ஓட்டுப்பதிவையும் பலர் சொல்வார்கள். தனிநாடு கேட்ட கிளர்ச்சி நடந்த பஞ்சாபில் 1992 சட்டசபைத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 24 சதவீதம் போலத்தான். அடுத்த வருடமே பஞ்சாயத்துத் தேர்தலில் 80 சதவீதத்தைத் தாண்டியது. பயம் விலகியதற்கு இது அடையாளம் என்பார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் 1992-இல் சீக்கியர்களின் கட்சியான அகாலிகளில் பெரும்பாலோர் தேர்தலையே புறக்கணித்திருந்தார்கள். பயத்தால் வராதவர், கோபத்தால் வராதவர் இருவரும் அந்த எண்ணில் கலந்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல் காய்கறி விலை. ஆஸ்திரேலிய முன்னாள் ராணுவ அதிகாரி டேவிட் கில்கல்லன் ஆப்கானிஸ்தானுக்காகச் சொன்னது. உள்ளூர்க் காய் இல்லை, தூரத்து மாவட்டத்திலிருந்து லாரியில் வரவேண்டிய காய். அதன் விலைக்குள் என்னென்ன இருக்கிறது? டீசல், டிரைவர் கூலி, வழியில் இரண்டு தரப்புக்கும் அழ வேண்டிய மாமூல், குண்டில் சிக்கினால் வரும் நஷ்டத்துக்கு வியாபாரி மனசுக்குள் போட்டுக்கொள்ளும் கணக்கு. விலை இறங்கி ரகமும் கூடினால், சாலை பாதுகாப்பு என்று வியாபாரி நம்புகிறார். அவரிடம் யாரும் படிவம் நீட்டவில்லை. சொந்தக் காசை வைத்துச் சொல்கிறார்.

இது எப்படி வேலை செய்யும் என்பதை 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு நாங்களே பார்த்தோம். சாலைகள் சரியாகிவிட்டன என்று செய்தி வந்த அன்று, கடைக்காரர் தக்காளிக் கூடையைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். விலை கேட்டால் சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. முழுக்கூடையாகத் திறந்து வைத்து, கொத்தமல்லிக் கட்டை அவராகவே பைக்குள் போட்ட நாள்தான் எங்களுக்குச் சாலை சரியான நாள்.

யார் நிலைப்பார்கள்?

கடைசியாக ஒன்று மிச்சம். மேலே சொன்ன எல்லா அளவுகோலும் நன்றாக இருந்தும் கதை ஒரே வாரத்தில் கவிழலாம். ஏனென்றால் நடுக்கூட்டம் கேட்பது 'யார் நல்லவர்?' என்பதைவிட 'ஐந்து வருடம் கழித்து யார் இங்கே இருப்பார்?' என்பதைத்தான். படை வீடு திரும்பும், ஊர் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

1987 ஜூலை கடைசியில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது மாலை போட்டார்கள். அக்டோபரில் அங்கேயே போர். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் புறப்பட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள், அந்த மண்ணின் மக்கள் இழந்தது அதைவிட அதிகம். மாலை பொய்யில்லை. அது அன்றைய நம்பிக்கைக்குப் போட்ட மாலை, அடுத்த மாதத்துக்கு வாக்குறுதி இல்லை.

ஆப்கானிஸ்தானில் பெரும்பாலோர் தாலிபானிடம் அனுதாபம் இல்லை என்றே வருடா வருடம் கணிப்புகளில் சொல்லிவந்தார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் ஏறக்குறைய சண்டையே இல்லாமல் விழுந்தது. ஒருவரைப் பிடிக்காமல் இருப்பது வேறு, அவரை எதிர்ப்பவருக்காக உயிரை வைப்பது வேறு. கணிப்பு முதலாவதைக் கேட்டது, நிலவரம் இரண்டாவதைக் கேட்டது.

அல்ஜீரியாவிலும் இதே கதை. பிரெஞ்சுக்காரர்கள் 1955 முதல் கிராமங்களில் தனி நிர்வாகப் பிரிவுகள் வைத்துப் பள்ளியும் மருத்துவமும் நடத்தினார்கள். கூடவே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரை முகாம்களுக்கு மாற்றினார்கள். தலைநகர் அல்ஜியர்ஸில் 1957-இல் சித்திரவதை வழியாக ரகசிய அமைப்பை உடைத்தார்கள். புதிய பிரெஞ்சு அரசியல் சட்டத்துக்கான 1958 செப்டம்பர் பொதுவாக்கெடுப்பில் ராணுவமே ஆள் ஏற்றிவந்து ஓட்டுப் போட வைத்தது, அல்ஜீரியாவில் 'ஆம்' 95 சதவீதத்துக்கும் மேல். இரண்டு வருடம் கழித்து 1960 டிசம்பரில் அதே அல்ஜியர்ஸ் தெருக்களில் விடுதலை முன்னணிக் கொடியோடு ஜனம் திரண்டது. 1962 ஜூலையில் விடுதலைக்கான வாக்கெடுப்பில் 'ஆம்' 99 சதவீதத்துக்கும் மேல்.

இந்த எண்களையெல்லாம் நான் பின்னால் படித்தபோதுதான் அப்பாவின் சிநேகிதரிடம் கேட்டேன். உங்களுக்கு எப்போது தெரிந்தது, 1960 ஊர்வலம் வந்தபோதா?

இல்லை என்றார். அவர்கள் முகாமுக்குக் கீழே ஒரு மளிகைக் கடை. சிப்பாய்களுக்குக் காபித்தூள், சோப்பு, புகையிலை எல்லாம் கணக்கு எழுதிக் கொடுப்பான், சம்பளம் வந்ததும் அடைப்பார்கள். அந்த ஊர்வலத்துக்குப் பல மாதம் முன்னால் ஒருநாள் போனால், கணக்கு நோட்டு மேசை மேல் இல்லை. இனிமேல் ரொக்கம் என்றான். கேப்டனிடம் சொன்னதற்கு, கடைக்காரனுக்குப் பணமுடையாக இருக்கும் என்றாராம்.

"வணக்கம் மட்டும் கடைசி நாள் வரைக்கும் வச்சான் தம்பி."